அத்தை சாப்பிட்டு முடிக்கும்வரை

மாமா தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த புரட்டாசியில்தான் எங்கள் வீட்டுக் கொல்லையில் சீனியவரைக்காய் என்றுமில்லாத அளவுக்குக் காய்த்தது. மிளகாயும் அப்படித்தான். மாமா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். தீபாவளி சீசனில் ஒருநாள் மருந்து பற்றிக்கொண்டதில் அவருக்கு நெஞ்சும் கைகளும் வெந்துபோயின.

வார்டுக்குள் கைப்பிள்ளையை விடமாட்டார்கள். அதனால் அத்தை தன் ஒன்றரை வயது மகளை மல்லாங்கிணறு ஊரில் எங்களிடம் விட்டிருந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலை பஸ்ஸில் வருவாள். குளித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, சாயங்காலம் திரும்புவாள். அதுவரை அவளுடைய அண்ணன், அதாவது என் அப்பா, மாமாவின் பக்கத்தில் இருப்பார்.

எனக்கு ஏழு வயது. காலாண்டு லீவு முழுக்க எனக்கு ஒரே வேலை, வத்தலைப் பாப்பாவிடமிருந்து காப்பாற்றுவது. மழை பிடிப்பதற்குள் எல்லாவற்றையும் வத்தல் போட்டுவிட வேண்டுமென்று அம்மா பறந்துகொண்டிருந்தாள். "பாப்பா மிளகாய்க் கையக் கண்ணுல வச்சிட்டான்னா உன் தோல உரிச்சிருவேன்" என்று காலையிலேயே எச்சரித்திருந்தாள். அம்மா சொன்னால் செய்வாள்.

அன்று அத்தை வந்த நாள். பால் கொடுத்த கையோடு, தலையணைகூட இல்லாமல் தரையில் தூங்கிப்போனாள். அம்மா, நான், பாப்பா மூன்று பேரும் மொட்டை மாடியில் இருந்தோம். உப்புப் போட்டு அரைவேக்காடாக வேகவைத்த சீனியவரையை அம்மா பழைய சேலையில் பரப்பிக்கொண்டிருந்தாள். செல்போன் அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பேசினாள்.

வானத்தில் ஒரு பட்டம் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பினால், மோர் மிளகாய் ஊறிய சட்டியைப் பாப்பா கவிழ்த்திருந்தாள். சேலை முழுக்க மோர். அவள் அதன் நடுவே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். நான் முதுகை இறுக்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விரலாக முந்தானையால் துடைத்தாள். பிறகு அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். இரண்டு நாள் உழைப்பு பாழாகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கு நான் காய் ஆஞ்சு தாரேம்மா" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். "போய் அத்தைய எழுப்பு. சாப்பிடச் சொல்லு."

அத்தை இலை முன்னால் உட்கார்ந்ததும் கேட்டாள், "போன் சத்தம் கேட்டுச்சே மதினி, அண்ணனா?"

"ஆமா. அப்படியேதான் இருக்காகளாம். நீ சாப்பிடு."

"பசிக்கல மதினி."

"பசிக்கலைன்னாலும் சாப்பிடு தாயி."

அம்மா குழம்பு ஊற்றினாள். மறுசோறு வைத்து ரசம் ஊற்றினாள். பத்து நாளில் முதல் தடவையாக அத்தை லேசாகச் சிரித்தாள். "எம்புட்டுத்தான் போடுவீக!" என்றாள். சாப்பிட்ட பிறகும் அம்மா விடவில்லை. ஒரு தம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. பஸ்ஸில் இடம் கிடைக்காது, அதனால் வேனுக்குச் சொல்லிவிட்டேன் என்றாள் அம்மா. அத்தை ஏறினாள். அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டார்கள். தெருமுனை திரும்புவதற்குள் வேனுக்குள்ளிருந்து அத்தையின் அலறல் கேட்டது. வேன் நிற்கவில்லை.

அதன் பிறகு அத்தை நான்கு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் அந்த மத்தியானத்தை அவள் மன்னிக்கவும் இல்லை. நான் காலேஜுக்குப் போன பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அவரு போயிட்டாரு. நான் இங்கன உக்காந்து ரசம் ஊத்தித் தின்னுருக்கேன். உங்கம்மா பாத்துக்கிட்டே இருந்திருக்காக."

அம்மாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா பச்சத் தண்ணி தொட்டிருப்பாளா? மூணு நாளைக்கு அவ வாயில சோறு இறங்கியிருக்காது. பிள்ளைக்குப் பால் வேணுமில்ல?" என்றாள். அப்புறம், "அவ கோவம் நியாயந்தான்" என்றாள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எனக்கு விழவேண்டிய அடி வேனுக்குள் அத்தைக்கு விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மாடிக்கு ஓடினேன். அம்மா திரும்பி வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டுமென்று, மோரில் நனைந்த சீனியவரையை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.