பாவாடை நாடா

அலுவலக விளையாட்டில் என் மணிக்கட்டுகளை ஒரு ரிப்பனால் இணைத்தார்கள். அதில் கோத்த இன்னொரு ரிப்பன், சேலத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண்ணின் கைகளில். முடிச்சை அவிழ்க்காமல் பிரிய வேண்டும்.

சிறுவயதில், தமிழர்களைத் தேடி அடித்த காவிரிக் கலவரத்தன்று, ஒக்கலிபுரம் வீட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு, அம்மா பாவாடை நாடாக்களால் என்னையும் அக்காவையும் இப்படித்தான் கட்டினாள். பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போன அப்பா இன்னும் வரவில்லை.

"சத்தமில்லாம வெளையாடுங்கடி. தமிழ் ரோட்டுக்குக் கேட்டுடப் போவுது."

வெளியே டயர் கருகும் நாற்றம். அக்கா என் நாடாவைத் தன் மணிக்கட்டு வளையத்துக்குள் நுழைத்துக் கைக்குமேல் எடுத்தாள்.

"அம்மா, கழண்டு வந்துடுச்சு!" என்று கத்திய அக்காவின் வாயை அம்மா பொத்தினாள். எங்களை மறுபடி கட்டினாள். அப்பா வந்து சேரும்வரை விளையாடினோம்.

இன்று ரிப்பன் நொடியில் கழன்றது.

"சூப்பர்க்கா! எப்படி?" என்று அந்தப் பெண் தமிழில் கத்தினாள்.

என் கை அவள் வாயைப் பொத்தப் போனது.