ஹத்தாவின் குலவை

ஹத்தாவுக்குப் படிப்பில் பெரிய பெயர் கிடையாது. மண்ணியல் படித்தாள். கல்லைக் காட்டினால் கல் என்பாள். அதற்கு மேலும் ஏதாவது சொல்லச் சொல்லி வாத்தியார்கள்தான் தொல்லை கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தொண்டை இருக்கிறதே, அது வேறு. ஓரெஸ் மலைக் கிராமங்களில் அவள் அம்மாவைக் கல்யாணங்களில் குலவை போடுவதற்கென்றே வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். அம்மாவின் தொண்டையை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் பெண்கள் ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் இறங்கினாள் மகராசி. அதோடு என் மதியத் தூக்கம் போயிற்று.

எங்கள் அல்ஜீரியாவில் எந்தப் பெண்ணுக்கும் குலவைச் சத்தம் கேட்டால் கால் தரையில் நிற்காது. யாருக்கு என்ன விசேஷம் என்று ஓடிப் பார்த்தாக வேண்டும், பதில் குலவை போட்டாக வேண்டும். அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். ஹத்தா இதைக் கொஞ்சங்கூட வெட்கமில்லாமல் பயன்படுத்தினாள். எவளுக்காவது நிச்சயமானால் குலவை. டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தால் குலவை. மூன்றாம் மாடிக் குழாயில் தண்ணீர் வந்தாலும் குலவை. அதற்குத்தான் கூட்டம் அதிகம், வாளியோடு வரும்.

பாதுகாப்புக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏற்பாடு இருந்தது. தரைத்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்தில், மாணவர் ஆதரவு மையம். கதவில் ‘நீ தனியாக இல்லை’ என்று அழகான போஸ்டர். அதற்குக் கீழே பூட்டு. போஸ்டரைப் படித்துக்கொண்டு நிற்பவள் தனியாகத்தான் நிற்பாள். பொறுப்பாளர் அம்மா காபி குடிக்கப் போயிருப்பதாகச் சொல்வார்கள். அந்தக் காபி எந்த நாட்டில் கிடைத்ததோ, நான் படித்த காலம் முடியும்வரை அவர் திரும்பவில்லை.

முதல் வருஷத்தில், என் அறைக்கு வருமுன்னே, ஹத்தாவுக்கே ஒன்று நடந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஹாஸ்டலுக்கு நடந்து வரும்போது ஒருவன் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துவிட்டான். அந்தத் தொண்டையால் கத்தினாள். ஹாஸ்டல் ஜன்னல்கள் திறந்தன, எட்டிப் பார்த்தன, சாத்திக்கொண்டன. கடைசியில் அவன் கையைக் கடித்துவிட்டு ஓடி வந்தாள். “யாரோ கத்துனாங்களே, நீயா? அந்தப் பக்கம் நீ ஏன் போனே?” என்று மறுநாள் கேட்டார்களாம். இதை அவள் எப்போதும் நகைச்சுவையாகத்தான் சொல்வாள், ஜன்னல் சாத்துகிற சத்தத்தையெல்லாம் வாயால் போட்டுக் காட்டுவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

நாங்கள் நாலாம் வருஷம் இருந்தபோது ரொமைசா வந்தாள். பாலைவனத்தை ஒட்டிய ஊர், பேரீச்சந்தோப்புக் குடும்பம். ஒரு பெட்டி நிறையப் பழத்தையும் மனசு நிறையப் பயத்தையும் கொண்டு வந்து எங்கள் அறையின் மூன்றாவது கட்டிலில் வைத்தாள். “உன்னைப் பத்தி ஒரு வார்த்தை என் காதுல விழுந்தாப் போதும், மறுநாளே படிப்பு நின்னுடும்” என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான்.

ஜூன் மாதம் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஹத்தா அவளைப் பிடித்து உட்கார வைத்து விஷயத்தைக் கறந்தாள். வேதியியல் பேராசிரியர், உஸ்தாத் லக்தர். அந்த ஆள் வந்தால் முதலில் சென்ட் வரும், பிறகு வயிறு, அப்புறம்தான் அவர். ரொமைசாவின் விடைத்தாளில் கோளாறு இருக்கிறதாம், வியாழக்கிழமை மத்தியானம் அறைக்கு வரவேண்டுமாம். தனியாக. வியாழன் மத்தியானம் வெள்ளி, சனி விடுமுறைக்குப் பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள் என்பது யாருக்கும் தெரியும். போன தடவை பேசும்போது தோளில் கை வைத்திருக்கிறார்.

“ஆதரவு மையத்துக்குப் போனியாடி?”

“பூட்டியிருக்குக்கா. கேட்ல செக்யூரிட்டிகிட்டச் சொன்னேன்.”

“என்ன சொன்னான் அந்த மவராசன்?”

“உஸ்தாத் பெரிய மனுஷன், நீ ஒழுங்கா டிரஸ் போடுன்னார்.”

ஹத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்திலிருந்து கால்விரல் வரை மூடியிருந்தாள் பெண். “இதுக்கு மேலயும் போடணும்னா அந்தக் கம்பளத்தைத்தான்டி சுத்திக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகாவிட்டால் பூஜ்யம், வருஷம் போகும், அண்ணன் வந்து அழைத்துப் போவான். புகார் கொடுத்தால் ஊர் பேசும், அப்போதும் அண்ணன் வந்து அழைத்துப் போவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணன்தான் நின்றான்.

“போவோம்” என்றாள் ஹத்தா. “மூணு பேரா போவோம். நீ வாசல்லயே நின்னு பேசு, உள்ள கால வைக்காதே. அவன் ஏதாச்சும் கோணங்கித்தனம் பண்ணா நான் பாத்துக்கறேன்.”

“என்னத்தப் பாத்துப்பே? கத்துவியா?” என்றேன்.

“கத்துனா யாரு வருவாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

ஜூனில் எங்கள் வகுப்புக் கட்டடத்தில் வைவா நடக்கும். எங்கள் ஊரில் வைவா என்பது பரீட்சை இல்லை, குட்டிக் கல்யாணம். பெண்ணின் குடும்பம் வேன் பிடித்து வரும். சித்தி, அத்தை, அத்தையின் பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் சரிகை உடுப்பில், மடியில் தட்டுத் தட்டாக மக்ரூத் பலகாரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். மார்க்கை அறிவித்ததும் குலவை, கண்ணீர், ஜூஸ். அந்த வியாழனும் தாழ்வாரத்தின் கோடி அறையில் ஒரு வைவா இழுத்துக்கொண்டு போயிற்று. பாதிக் குடும்பத்துக்கு உள்ளே இடமில்லை. வெளியே பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஹத்தாவின் முகம் தெளிந்தது.

அதே தாழ்வாரத்தில் இருந்த லக்தரின் கதவை ரொமைசா தட்டினாள். நாங்கள் தூணுக்குப் பின்னால். “உள்ள வாம்மா, காத்து வருது” என்ற குரலும், அவள் மணிக்கட்டைப் பிடித்த கையும், அப்புறம் தாழ்ப்பாள் விழுந்த சத்தமும்.

ஹத்தா மூச்சை இழுத்தாள். போட்டாள் ஒரு குலவை.

“ஆயிருச்சு! நம்ம பொண்ணு பாஸாயிட்டா!” என்று பெஞ்சே எழுந்தது. எந்த அறை, என்ன கதை என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. குலவை எங்கே கேட்டதோ அங்கே பாய்ந்தார்கள், பதில் குலவையோடு, தட்டுகளோடு. கூட்டுகிற பெண்கள், நூலக அம்மாக்கள், போகிற வழியில் இருந்த மாணவிகள், பலகாரம் என்றால் வீடு போகாத எங்கள் டீன், எல்லாரும் லக்தரின் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னால் நின்ற பருமனான அத்தை கதவை அறைந்தாள்.

“தொறங்கய்யா! புள்ளைக்கு ஒரு முத்தம் குடுக்கணும்!”

உள்ளே சத்தமில்லை. இன்னும் பத்துக் கைகள் சேர்ந்து அறைந்தன. தாழ்ப்பாள் விலகியது.

லக்தர் வெளிறிப் போய் நின்றார். அவருக்குப் பின்னால், ஜன்னலோரம், ஒரு நாற்காலியைத் தன் முன்னால் தூக்கிப் பிடித்தபடி ரொமைசா. அத்தை அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“இது நம்ம புள்ள இல்லையே. சரி, மத்த உஸ்தாதுங்க எங்கே? ஒரு ஆம்பளை, ஒரு சின்னப் பொண்ணு, எதுக்குய்யா தாழ்ப்பாளு?”

“காத்து... காத்துல கதவு சாத்திக்கிச்சு.”

“உங்க ஊரு காத்து தாழ்ப்பாளும் போடுமோ?”

யாரும் சிரிக்கவில்லை. அத்தை தட்டை டீன் கையில் திணித்தாள். உள்ளே போய், ரொமைசாவின் கையிலிருந்து நாற்காலியை மெதுவாக வாங்கி வைத்து, தன் சால்வைக்குள் அவளை இழுத்துக்கொண்டாள். டீன் தட்டோடு நின்றார். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்ல வாயைத் திறந்திருப்பார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அங்கேயே, எல்லார் முன்னிலும், என்ன நடந்தது என்று கேட்க வேண்டியதாயிற்று. ரொமைசா சொன்னாள். சொல்லி முடித்ததும் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு மூன்றாம் வருஷப் பெண், “என்னையும் கூப்பிட்டாரு” என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் கையைத் தூக்கினாள்.

விடைத்தாள் வேறு ஆசிரியரிடம் போய், தேறித் திரும்பியது. புது வருஷத்தில் லக்தரின் அறையில் வேறு பெயர் இருந்தது. எங்கே போனார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை, போனதே போதும்.

அந்த வியாழன் சாயங்காலமே அண்ணன் போன் செய்தான். அந்த அத்தைக் கூட்டத்தில் ஒருத்தி ரொமைசாவின் ஊர்க்காரியாம். ரொமைசா ஸ்பீக்கரில் போட்டாள். “ஏய், டீன் முன்னாடியே உனக்குக் குலவை போட்டாங்களாமே! ஒரு வார்த்தை சொல்லமாட்டியா? அம்மா தெருவுக்கே பழம் குடுத்துட்டா!” எதைச் சொல்லவேண்டும், எதை விழுங்கவேண்டும் என்று அந்த ஊர்க்காரிக்குத் தெரிந்திருக்கிறது. அவள் நன்றாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் மத்தியில் சட்டம் ஒன்று உண்டானது. கட்டடத்தில் எங்கே குலவை கேட்டாலும் ஓடு, கையில் இருப்பதோடு ஓடு, நல்லதா கெட்டதா என்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஜூனில் ஹத்தாவின் வைவா. அம்மாவால் வர முடியவில்லை. குலவை போடும் பொறுப்பை ரொமைசா ஏற்றாள். மார்க் சொன்னதும் போட்டாள் பாருங்கள், அறுக்கப் பிடித்த ஆடு கத்துவதுபோல ஒன்று. அரை நிமிஷத்தில் கதவு படாரென்று திறந்தது. செருப்போடு ஒருத்தி, குடையோடு ஒருத்தி, தீயணைப்பு உருளையைக் கழற்றிக்கொண்டு இன்னொருத்தி, பின்னால் மாடிப்படி வரை பெண்கள். தேர்வுக்குழுத் தலைவர் வயதானவர், இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

“நல்ல மார்க்குதான்மா போட்டேன்!”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஹத்தா மட்டும் சிரிக்கவில்லை. வாசலை அடைத்து நின்ற கூட்டத்தையே பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அன்னைக்கு நான் கத்துனப்ப ஒருத்திகூட வரலடி” என்றாள். “இன்னைக்கு ஒண்ணுமே நடக்கல, எத்தனை பேரு பாரு.”

செருப்போடு வந்தவள் அதைக் கீழே போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல், தட்டிலிருந்து ஒரு மக்ரூத்தை எடுத்து அவள் வாயில் திணித்தாள்.