அரக்கு முத்திரை

திறந்து கிடக்கும் கதவையும் தட்டிவிட்டுத்தான் நுழைவார் சாவிக்காரர். சொந்த வீட்டுச் சமையலறையானாலும் நிலையில் ஒரு தட்டு. "உங்க வீடுதான், தாராளமா வரலாம்" என்பார் மனைவி, திரும்பிப் பார்க்காமல். "ஆளில்லாத வீட்டுக்குள்ள ரொம்பப் போயிட்டேன்ல, கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று இவர் அசடு வழிவார்.

பூட்டோடு பேசுகிற ஆளாக இருந்தவர். காதை அதன்மேல் சாய்த்து, கம்பியை உள்ளே விட்டு, "அடம் பிடிக்காத ராசா, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று கொஞ்சுவார். பெற்ற மகளை அப்படிக் கொஞ்சியதில்லை என்பது மனைவியின் மனத்தாங்கல். கடைத்தெரு முனையில் கடை. இவர் உட்கார்ந்தால் வந்தவர் நிற்கத்தான் வேண்டும், அவ்வளவு இடம். சாவி தொலைத்தவர்களுக்குத் திறந்து கொடுப்பது போக, கோர்ட் உத்தரவில் குடியிருப்பவர்களைக் காலி செய்யும்போதும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பழைய பூட்டைத் திறந்து, புதுப் பூட்டை மாட்டி, கோர்ட் சிப்பந்தி அதன்மேல் அரக்கு முத்திரை வைத்ததும் நடையைக் கட்டிவிடுவார். வாசலில் நிற்பவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டார். "பாத்தா கை நடுங்கும். நடுங்குற கைக்கு இந்தத் தொழில் ஆகாது."

அப்படிப் பூட்டிய வீடுகளில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறை. அங்கே குடியிருந்த தையல்காரம்மா சில நாள் கழித்துக் கடை வாசலில் வந்து நின்றாள். பூட்டிய அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாளாம்.

"சாமானெல்லாம் போகட்டும்ணே. கட்டில்ல ஒரு தலையணை இருக்கு. அதோட உறை மட்டும் வேணும்."

"கோர்ட்ல மனு குடுங்கம்மா. எடுத்துக்க விடுவாங்க."

"குடுத்தாச்சு. அடுத்த மாசம் பாக்கலாம்னுட்டாங்க. சாமானை இந்த வாரமே அள்ளி குடோன்ல போடப்போறாங்க. மூட்டை கட்டிப் போட்டா அப்புறம் அதுல என்ன இருக்கும்?"

அவளுடைய ஒரே மகன் அந்தத் தலையணையில் தலை வைத்தபடியே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவன். அதன் பிறகு உறையை அவள் துவைக்கவே இல்லை. "அவன் தலை வாசனை அதுல அப்படியே இருக்குண்ணே" என்றாள். அழவில்லை. வழி கேட்டவருக்குத் தெரு சொல்வதைப்போலச் சொன்னாள்.

சாவிக்காரர் அவளைத் திருப்பி அனுப்பினார். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள் கேட்கக்கூட இல்லை, எதிர்ச்சாரியில் போய்ப் பேசாமல் நின்றாள். மத்தியானம் இவர் கடையைப் பாதி இறக்கிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பட்டப்பகலில் முத்திரையை உடைத்தார். அவள் உள்ளே போய் உறையை மட்டும் உருவிக்கொண்டு வந்தாள், தலையணையைக்கூட எடுக்கவில்லை. எதிர்வீட்டில் பார்த்துவிட்டார்கள். அந்த வாரமே போலீஸ் இவரைக் கடையிலிருந்து கூட்டிப்போனது. அவளிடமிருந்து உறையையும் சாட்சிப் பொருளென்று வாங்கிப்போனது.

வக்கீல் நல்ல மனிதர். "உள்ள உயிர் காக்கிற மருந்து இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. ஆபத்துக்குப் பண்ணினா சட்டமே விட்டுடும்" என்றார்.

"மருந்து இல்லையே சார்."

"அது யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

நீதிபதியும் கை கொடுக்கத்தான் பார்த்தார். "யார் உயிருக்காவது ஆபத்து இருந்ததா?" என்று அவராகவே கேட்டார். சாவிக்காரர் கூண்டுக் கட்டையைத் தடவினார்.

"இல்லைங்கய்யா. உயிர் முன்னாடியே போயிடுச்சு."

"அப்போ செய்தது தப்பென்று ஒத்துக்கொள்கிறீரா?"

"முத்திரையை உடைச்சது தப்புதாங்கய்யா. ஆனா அந்தம்மா நாளைக்கு மறுபடியும் வந்து நின்னா என்ன பண்ணுவேன்னு மட்டும் கேக்காதீங்க."

சில மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது பூட்டு வேலை பார்க்கும் உரிமம் போயிருந்தது. இப்போது மச்சினனின் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கிறார். யாராவது திறக்காத பூட்டோடு வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையால் வேறு கடையைக் காட்டுவார். பள்ளிக்கூடத்தில் 'பூட்டு உடைச்சவர் பொண்ணு' என்று பெயர் வாங்கிய மகள் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடும்போதெல்லாம் மனைவி கேட்பார்: "ஒரே ஒரு பொய். ஊரு உலகத்துல சொல்லாததா? சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்?" இவர் குனிந்து சோற்றைப் பிசைவார். அந்தம்மாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

போன வாரம் அவள் இரும்புக் கடைக்கு வந்தாள். வழக்கு முடிந்ததால் சாட்சிப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பிளாஸ்டிக் பையிலிருந்து உறையை எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே. மோந்து மோந்து மூக்கு மரத்துப்போச்சோ என்னமோ. நீங்க பாருங்க. இருக்கா?"

சாவிக்காரர் ஆணித் துருவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். முகத்தை அதற்குள் புதைத்தார். கோர்ட் அலமாரியின் அரக்கும் பூச்சி உருண்டையும்தான் மணத்தன. முகத்தை உடனே எடுக்கவில்லை. எதிரே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கும்மா" என்றார். பிறகு, இருப்பது கசிந்துவிடக் கூடாது என்பதைப்போல, உறையின் வாயை உள்பக்கமாக மடித்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.