மீதமிருந்த ஒருசந்திகள்

அந்த வருஷம் எங்கள் தபசு காலமும் பக்கத்து வீட்டாரின் ரமலான் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின. என் பக்கத்துத் தேதி எனக்கு மாதங்களுக்கு முன்பே தெரியும். மாதா கோவிலில் கொடுத்த காலண்டரில் தபசு தொடங்கும் விபூதிப் புதன் அச்சாகி, அடுப்படிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கோ முந்தின நாள் இருட்டும்வரை எதுவும் தெரியாது. பிறை தெரிந்தால் நாளைக்கு நோன்பு, தெரியாவிட்டால் நாளை மறுநாள். அந்த வாரம் பார்த்துக் கொடைக்கானலில் மேகம் இறங்கி, எதிர்வீட்டு விளக்கே மங்கிக் கிடந்தது. அவர் கணவருடைய உருளைக்கிழங்கு மண்டிக்கு வத்தலக்குண்டிலிருந்து திரும்பி வரும் லாரி டிரைவர்தான் கீழே பிறை தெரிந்ததா என்று சொல்ல வேண்டும்.

எதையும் முன்கூட்டியே எழுதி வைத்து நடப்பவள் நான். எனக்கு அது பொறுக்கவில்லை.

"நாளைக்குச் சமையல் உண்டா இல்லையான்னு தெரியாம எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சமைக்காம இருக்கிறதுக்கு என்னத்தத் தெரியணும்" என்றார்.

எங்கள் இரண்டு குடித்தனங்களுக்கும் ஒரே தகரக் கூரை. நடுவில் இருந்தது பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அவர்கள் பழனிப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல், நான்கு பிள்ளைகள். நான் மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். என் கணவர் தபாலாபீசில் இருந்தார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டாவது முழு மாதமும் இருந்து பிறந்து, அழாமலே போனது. மூன்றாவதுக்கு இப்போது ஆறு மாதம்.

கிறிஸ்துமசுக்கு முன்பே தேவமாதா பீடத்தின் முன் ஒரு பொருத்தனை செய்திருந்தேன். இந்தப் பிள்ளை தங்கினால், வரும் தபசு காலத்தில் ஞாயிறு நீங்கலாக நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பேன் என்று. கோவில் சட்டப்படி ஒருசந்தி என்றால் மதியம் ஒரு முழுச் சாப்பாடு, காலையிலும் இரவிலும் கொஞ்சம் ஏதாவது. நான் அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டேன். மதியச் சோறு, மற்ற நேரம் தண்ணீரும் கடுங்காப்பியும். கர்ப்பிணிகளுக்கு ஒருசந்தி கடமையில்லை என்பது எனக்குத் தெரியும். கடமையில்லாததைக் கொடுத்தால்தானே அது காணிக்கை என்று நினைத்தேன். இப்போது திருச்சபையே ஒருசந்தி நாட்களை வருஷத்துக்கு இரண்டாகக் குறைத்துவிட்டது. அன்றைக்கு அப்படி இல்லை.

முதல் சில நாட்கள் பலகைச் சுவருக்கு இருபக்கமும் கேலிதான்.

"தண்ணி குடிச்சா அது நோன்பாத்தா?" என்று அக்கா கேட்பார். "எச்சிலைக்கூட யோசிச்சு முழுங்குறோம் நாங்க. நீ காப்பி குடிக்கிற."

"பொழுது அடைஞ்சதும் ஆரம்பிச்சு விடியறவரைக்கும் தின்னா அது நோன்பாக்கா?"

"அது சரி. ஞாயித்துக்கிழமை லீவு போட்டுக்கிறீங்களே, அது எந்த ஊரு நியாயம்? எங்களுக்கு வெள்ளிக்கிழமைகூட லீவு கெடையாது."

ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள், அன்று துக்கம் கூடாது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஈசா நபியை அல்லா சிலுவையில் விடவே இல்லை, அதற்கு முன்பே தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்று அவர் சொன்னார். எங்களுக்கு அந்தச் சிலுவைதான் எல்லாம் என்றேன். அவர் வெங்காயம் உரிக்கப் போனார், நான் தைக்க உட்கார்ந்தேன். அந்த விஷயத்தில் நாங்கள் அன்று நின்ற இடத்திலேயேதான் இன்றும் நிற்கிறோம்.

முதல் வெள்ளிக்கிழமை நோன்புக் கஞ்சி ஒரு தூக்குவாளி நிறைய வந்தது. மாலையில் நான் எதுவும் தொடுவதில்லை என்பதால் என் கணவர் குடித்தார். இரண்டாவது கரண்டியில் நிறுத்தி, வாயில் இருந்ததைப் பல்லால் சோதித்தார். கொத்துக்கறி. எங்களுக்கு வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், மாமிசம் ஆகாது. அவர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல் என்னைப் பார்த்தார். விழுங்கிவிட்டு, "பாசிப்பயறுன்னு நெனச்சேன்" என்றார். மறுநாள் இதை அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொல்லப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

"அவரு குடிச்சாரா? வயித்துப் பிள்ளைக்காரிக்குன்னுல்ல குடுத்துவிட்டேன். நீ ஏன் குடிக்கல?"

காலையும் இரவும் வெறும் வயிறுதான் என்று, அதுவரை சொல்லாத பொருத்தனையைச் சொன்னேன். அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இந்த வயித்த வச்சுக்கிட்டா? எங்கள்ல எவளையும் இப்படி விடமாட்டாங்க. கிறுக்காத்தா ஒனக்கு?"

"வாக்குக் கொடுத்தாச்சுக்கா."

ஒன்பது ஒருசந்தி முடிந்தது. பத்தாவது நாள் முற்பகலில், பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் காட்டிக்கொண்டிருந்தபோது ஊசித்துளை இரண்டாகத் தெரிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டில். டாக்டரம்மா நாடியைப் பார்த்தார், வயிற்றில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் வளர்ச்சி போதாது, இனி மூன்று வேளையும் சாப்பிடாவிட்டால் எதற்கும் தான் பொறுப்பில்லை என்றார்.

என் கணவர் நேரே பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, பொருத்தனையிலிருந்து என்னை விடுவிப்பதாகச் சொன்னார். "ஆண்டவர் கந்துவட்டிக்காரர் இல்லம்மா. இனி அந்த வாக்கு உன்மேல் இல்லை. சாப்பிடு" என்றார்.

நான் சரி என்றேன். அவர் போன பிறகு தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தேன். கை வாய்க்குப் போகவில்லை. பிள்ளையைக் கொடு, இதைத் தருகிறேன் என்று கேட்டவள் நான். தருவது இல்லை என்று ஆகிவிட்டால், கொடுத்ததும் இல்லை என்று ஆகிவிடாதா? மூடத்தனம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்ததால் பயம் குறையவில்லை. என் கணவர் எதிரே உட்கார்ந்து ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அக்கா ரசமும் கீரையும் கொண்டுவந்து வைத்தார். நோன்பு வாயோடு சமைத்ததால் ருசி பார்க்க முடியாது. உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அன்று கூடியிருந்தது. நான் இரண்டு கவளத்தோடு நிறுத்தினேன்.

"உப்பா?"

"இல்லக்கா."

"அப்ப தின்னு. மரியம் ஈசா நபியப் பெத்தெடுக்கையில ஒத்தையில பேரீச்ச மரத்தடியில கெடந்து துடிச்சாங்கல்ல…"

"மாட்டுத் தொழுவத்துலக்கா. சூசையப்பர் கூட இருந்தார்."

"அது யாரு?"

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழித்தேன்.

"எங்க குர்ஆன்ல அவுங்க கூட ஆம்பள யாரும் இல்ல" என்றார். "ஒத்தையிலதான். மரத்த உலுக்கு, பழம் விழும், தின்னு, தண்ணியக் குடி, மனசக் குளுர வச்சுக்கன்னு அவுங்களுக்குச் சேதி வந்துச்சு. பட்டினி கெடன்னு வரல. நீ அவுங்ககிட்டதான நேந்துக்கிட்ட? அவுங்களே தின்னுருக்காங்க."

"அது உங்க வேதத்துலக்கா. எங்களதுல அப்படி இல்ல."

"சரி விடு. ஒங்க சாமியாரே விலக்குக் குடுத்துட்டாருல்ல. பெறகென்ன?"

"விலக்குன்னா அதோட தீந்துபோச்சுன்னு அர்த்தம். அதான்கா பயமா இருக்கு."

அக்காவுக்குப் புரியவில்லை. "தீந்துபோச்சுன்னா? விட்ட நோன்ப எப்ப வைப்பீங்க?"

"வைக்கிறதில்ல."

"வைக்கிறதே இல்லையா?"

"சாமியார் மன்னிச்சுட்டா அவ்வளவுதான்."

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். அவர்களில் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் நோயாளிக்கும் வழிப்போக்கருக்கும் சலுகை உண்டு. ஆனால் சலுகை என்றால் தள்ளிவைக்கலாம், அவ்வளவுதான். அதற்குக் களா என்று பெயர். உடம்பு தேறியதும் விட்ட நாட்களை ஒன்றுவிடாமல் வைத்துத் தீர்க்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "நீயும் பெறகு வச்சுக்கறேன்னு சொல்லேன். ஒங்க சாமியாருக்கு என்ன நட்டம்?" என்றார்.

எங்களுடையது தள்ளுபடி, அவர்களுடையது தவணை. என் கடனை எனக்காக வேறொருவர் சிலுவையில் தீர்த்தார் என்று சிறுவயது முதல் ஜெப மந்திரம் படித்தவள் நான். அப்படிப்பட்ட எனக்குத் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளும் மனசு இல்லை. தவணை என்றால் வாங்கிக்கொள்ள முடியும் போலிருந்தது. கைகழுவாமலே கணவரைக் கூப்பிட்டேன்.

சாமியார் பங்களா வராந்தாவில் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"இப்படி ஒரு வழியை யார் சொன்னது?"

"பக்கத்து வீட்டு பாய் சம்சாரம், சாமி."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "ஒரு பொருத்தனையை வேறொரு நற்செயலாக மாற்றிக் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. அதன் நாட்களை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் படித்ததாக ஞாபகமில்லை" என்றார். பிறகு குரலைக் கண்டிப்பாக்கினார். "மீதி முப்பத்தொன்றையும் பிள்ளை சோறு தின்னத் தொடங்கின பிறகு வை. அதுவும் திருச்சபை சொல்கிற ஒருசந்தி. நீயாகச் சேர்த்துக்கொண்ட கண்டிப்பு வேண்டாம். அதுவரைக்கும் சாப்பிடுவதுதான் உனக்குத் தபசு."

அன்று இரவு நான் மூன்று இட்லி தின்றேன். அடுத்த வெள்ளியிலிருந்து கஞ்சி இரண்டு பாத்திரமாக வந்தது. மூடி போட்ட சின்னதில் கறி கிடையாது. நான் படுத்திருந்த நாட்களில் அக்கா வந்து துணை இருப்பார். தொழுகைக்கு அவர் பார்த்து நிற்க வேண்டிய எங்கள் கூடத்தின் மேற்குச் சுவரில் தேவமாதா படம் இருந்தது. கழற்றி வைக்கட்டுமா என்று ஒரு தரம் கேட்டேன். "அவுங்க இருக்கட்டும். நான் அடுப்படியில தொழுதுக்கறேன்" என்று பாயை எடுத்துக்கொண்டு போனார்.

அவர்களுக்கு நோன்புப் பெருநாள் வந்தது, எங்களுக்கு உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவும் வந்தது. மே மாதக் கடைசியில் எனக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே பெஞ்சில் என் நாத்தனார் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அதே பெஞ்சின் மறுமுனையில் அக்கா குர்ஆனின் மரியம் அத்தியாயத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நீங்க சத்தமாச் சொன்னா எனக்குக் கணக்குத் தப்புது என்று நாத்தனார் கடிந்துகொண்டாளாம். பெண் பிள்ளை. பிறந்ததும் அழுதது. டாக்டரம்மா போதும் போதும் என்று சொல்கிறவரை அழுதது.

பிள்ளை குழைந்த சோறு தின்னத் தொடங்கியதும் என் மீதியை எப்போது தொடங்கலாம் என்று அக்காவிடம் கேட்டேன்.

"கிறிஸ்துமஸ் கழியட்டும். மார்கழி, தையில பகல் சின்னது. தாகமும் எடுக்காது. வெரசாப் பொழுது அடஞ்சிரும்."

"அது ஏமாத்து இல்லையாக்கா?"

"ஏமாத்தென்ன? தையப் படைச்சதும் அவன்தான?"

"நீங்களும் அப்பத்தான் வச்சுத் தீப்பீங்களா?"

அக்கா முந்தானையை இழுத்து வாயைத் துடைத்தார். "தீக்கவா? நாலு பெத்தவத்தா நான். நாலுக்கும் விட்டது மலையாட்டம் கெடக்கு. வருசா வருசம் இந்தத் தையில வச்சிருவோம்னு நெனப்பேன். ஊரே தின்னுக்கிட்டிருக்கையில ஒத்தையில பட்டினி கெடக்க மனசு வராது. ரமலான்ல ஊரே பசியோட இருக்கும், அப்பப் பசி தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவருக்கும் அது பயமாகவே இருந்திருக்கிறது, வருஷக்கணக்காக.

கிறிஸ்துமஸ் கழிந்த இரண்டாம் நாள் இருவரும் தொடங்கினோம். ஊரில் பலகாரம் இன்னும் தீரவில்லை. கோவிலில் குடில் கலைக்கவில்லை. புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். விடியுமுன் பலகைச் சுவருக்கு அப்பால் பாத்திரம் உருளும், அவர் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். மதியம் நான் என் ஒரு வேளையைச் சாப்பிடும்போது, தாளிக்கிற வாசனை அங்கே போகாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொள்வேன். "கதவச் சாத்துனா மட்டும் வாசம் நிக்குமா? கத்தரிக்காதான?" என்று சுவர் கேட்கும். ஞாயிறுகளில் நான் விட்டேன். பெண்களுக்கு விலக்கான நாட்களில் அவர் விட்டார். சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் அவர் ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பார். எனக்கு அனுமதிக்கப்பட்ட கொஞ்சத்தை நானும் அப்போதே எடுத்துக்கொள்வேன். சாமியார் ஒரு நாள் வழியில் பார்த்து, "எங்கள் ஆட்களில் யாரும் இந்த மாதத்தில் ஒருசந்தி இருந்ததில்லை" என்றார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

என் முப்பத்தொன்றும் தையின் நடுவில் முடிந்தன. அன்று மாலை அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். என் மகள் அவர் மடியில் இருந்து, அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முடிஞ்சதுக்கா. உங்களுக்கு?"

"மூத்தவளுக்கு விட்டது தீந்துச்சு. இன்னும் மூணு பிள்ளைக்குக் கெடக்கு. கல்யாணம் கட்டுன நாளா இத்தனைய ஒரு மூச்சுல வச்சதில்ல." பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டார். "அடுத்த தைக்கு நீ வருவியா?"

"எனக்குப் பாக்கியே இல்லையே."

"பாக்கி இல்லாட்டி வரக்கூடாதா? சும்மா வா."

என்ன நேர்ச்சை, எந்த வேண்டுதலுக்கு, எத்தனை நாள் என்று என் மனம் வழக்கம்போல ஒழுங்குபடுத்தப் பார்த்தது. ஒன்றிலும் அடங்கவில்லை.

"வாரேன்க்கா" என்றேன்.