ஷார்ஜாவிலிருந்து வந்த உப்பு

ரபீக் இறந்துபோன செய்தி 2006 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை உத்தமபாளையத்துக்கு வந்தது. சாபிரா அப்போது கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். போன் இருந்தது பக்கத்து வீட்டில், ரபீக்கின் அண்ணன் ராஜா முகம்மது வீட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் அலறுவது கேட்டதுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தாள். வாணலியை இறக்கி வைத்துத் தட்டுப் போட்டு மூடினாள். அதற்குப் பிறகுதான் போனாள்.

தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயது. உடலை ஊருக்குக் கொண்டுவர மூன்று வாரம்கூட ஆகலாம், காகித வேலை நிறைய இருக்கிறது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அங்கேயே அடக்கிவிடலாமா என்று ராஜா முகம்மது கதவோரம் நின்று கேட்டார். சாபிரா சரி என்று தலையை ஆட்டினாள். மறுநாள் ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஷார்ஜாவில் அடக்கம் முடிந்தது. அந்த நேரத்தில் அவள் இங்கே மகள் யாஸ்மினுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மூடி வைத்த கத்தரிக்காயை அன்று சாயங்காலமே சூடு பண்ணி மகளுக்குச் சோறு போட்டது தெருவெல்லாம் பேச்சானது. கல் மனசு என்றார்கள். அவளை எப்படியாவது அழ வைத்துவிட வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் முயற்சியும் செய்தார்கள். எதிர்வீட்டுக் கஸ்தூரியம்மாள்தான் அவர்களைத் தடுத்தாள். "அவளை விடுங்கத்தா. வர்றப்ப வரும்."

உண்மையில் சாபிராவைப் பயமுறுத்தியது வேறு. ரபீக் 1998இல் வெளிநாடு போனவர். எட்டு வருஷத்தில் மூன்று முறைதான் வந்தார். எல்லாம் சேர்த்தால் ஏழு மாதம்கூட இருக்காது. அதனால் அவர் இறந்த பிறகும் வீட்டில் எதுவும் மாறவில்லை. அதே இரண்டு பேருக்கான அரிசி. அதே இரண்டு தட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவருக்கு அப்பால் மணி அடிக்கும், அவள் ஓடிப்போய் ஐந்து நிமிஷம் பேசுவாள். இப்போது அது ஒன்றுதான் இல்லை. ஒரு மனுஷன் செத்ததற்கு இவ்வளவுதானா வித்தியாசம் என்று அவள் அடுப்படியில் நின்று யோசிப்பாள். யோசித்தாலும் ஒன்றும் தோன்றாது.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டும். அதில் இரண்டு மாதம் முடிந்திருந்தபோது ஷார்ஜாவிலிருந்து பெட்டி வந்தது. அறையில் கூட இருந்தவர்கள் கட்டி அனுப்பியது. நான்கு பேண்ட், ஒரு போர்வை, பாதி தீர்ந்த பற்பசை, யாஸ்மின் ஒன்றாம் வகுப்பில் எடுத்துக்கொண்ட போட்டோ. அடியில் கருஞ்சிவப்பில் ஒரு அரைக்கைச் சட்டையும் அதே நிறத்தில் தொப்பியும். சட்டையின் நெஞ்சில் ரபீக் என்று இங்கிலீஷில் தைத்திருந்தது. அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் ஆரஞ்சு நிறத்தில், முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைசான தூள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

ரபீக் தியேட்டரில் வேலை பார்க்கிறார் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. சூப்பர்வைசர் என்று ராஜா முகம்மது ஊரில் சொல்லி வைத்திருந்தார். படம் ஓட்டுகிறவர் என்று சாபிரா நினைத்திருந்தாள். கேட்டால் ரபீக், "தியேட்டர்லதான், ஏசியிலதான் வேலை" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். சூப்பர்வைசருக்குப் பெயர் தைத்த சட்டை எதற்கு, உப்பு எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

மே மாதம் பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து சுரேஷ்கண்ணன் என்பவன் துக்கம் கேட்க வந்தான். ரபீக்கோடு ஒரே தியேட்டரில் வேலை பார்த்தவன், லீவில் வந்திருந்தான். ராஜா முகம்மது அவனை சாபிரா வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சாபிரா உள் அறையில் திரைக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் பேசிக்கொண்டே போனான். ரபீக் அண்ணனுக்குப் பாப்கார்ன் கவுண்டரில் வேலை. எட்டு வருஷமும் அங்கேதான். பகல் பதினொரு மணிக்கு மிஷின் முன்னால் நின்றால் கடைசி ஷோ இடைவேளை வரைக்கும் நிற்பார். புதிதாக வருகிற பையன்கள் தீய்த்துவிடுவார்கள். அவர் கையில் ஒரு ஈடுகூடக் கருகியதில்லை. வெள்ளைக்காரர்களே மற்ற வரிசையை விட்டுவிட்டு அவர் வரிசையில் வந்து நிற்பார்கள்.

ராஜா முகம்மதுவுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் செருமிய செருமலில் தெரிந்தது. டீ ஆறுது, குடிங்க என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து சாபிரா முதல் தடவையாகப் பேசினாள். "அதை எப்படிச் செய்வாக?"

சுரேஷ்கண்ணன் ஒரு நொடி தடுமாறி, திரையைப் பார்த்தே பதில் சொன்னான். "தேங்காண்ணெய்தான் அக்கா. வேற எண்ணெய் ஊத்துனா அந்த வாசம் வராது. எண்ணெய் காஞ்சதும் மூணே மூணு முத்துப் போடுவாக. மூணும் வெடிச்ச பெறகுதான் மீதியைப் போடணும். அந்த ஆரஞ்சு உப்பை அப்பவே, எண்ணெயிலயே போட்டுரணும். மேல தூவுனா ஒட்டாது. மூடியை ஒரு ஓரம் திறந்து வச்சு ஆவியை விடணும், இல்லேன்னா நமுத்துப் போகும். வெடிக்கிற சத்தம் குறைஞ்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுற அளவுக்கு ஆனதும் இறக்கிருவாக. அண்ணன் எண்ண மாட்டாக. காதாலயே கண்டுபிடிச்சுருவாக."

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் பாயிலேயே இருந்தாள். மனதில் பாரமும் இல்லை, கோபமும் இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவரைப் பற்றி விவரம் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் கஸ்தூரியம்மாளிடம் மக்காச்சோளம் கேட்டாள். மார்க்கையன்கோட்டைப் பக்கம் அவர்களுக்கு நிலம் இருந்தது. கஸ்தூரியம்மாள் முந்தானை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். அடிகனத்த அலுமினியச் சட்டியில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி சாபிரா மூன்று முத்தைப் போட்டாள். மூன்றும் வெடிக்கவில்லை. கறுத்து, புகைந்து, வீடெல்லாம் நெடி. அது மாட்டுக்கும் கோழிக்கும் போடுகிற சோளம், பொரிகிற சோளமே வேறு, சின்னதாக உருண்டையாக இருக்கும் என்று யாஸ்மின்தான் சொன்னாள். அதைக் கம்பம் மளிகைக் கடையிலிருந்து கஸ்தூரியம்மாளே வாங்கி வந்தாள். முதல் ஈட்டில் பாதிதான் பொரிந்தது. சோளம் காய்ந்து கிடக்கிறது போல என்று நினைத்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி போட்ட பாட்டிலில் மூன்று நாள் வைத்தாள். இத்தாவில் இருக்கிறவளுக்கு நாளுக்கா பஞ்சம்.

நான்காம் நாள் மத்தியானம் மறுபடியும் சட்டியை ஏற்றினாள். மூன்று முத்தும் வெடித்தன. மீதிச் சோளத்தையும் ஒரு சிட்டிகை ஆரஞ்சு உப்பையும் போட்டு மூடியைச் சாய்த்து வைத்தாள். சடசடவென்று சட்டி ஆடியது. சத்தம் அடங்கியதும் இறக்கினாள்.

மூடியைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ரபீக்கின் பெட்டியைத் திறந்தால் வருமே, துணியிலும் தலைமயிரிலும் ஒட்டியிருக்குமே, அதே வாசம். வெளிநாட்டு வாசம் என்றுதான் அவள் அதை நினைத்திருந்தாள். அங்கே போகிற எல்லார் மேலும் அப்படித்தான் இருக்கும் போல என்று. ஒரு வாரத்தில் போய்விடும். போனதும் அவர் ஊர் மனுஷனாக ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொள்வாள்.

சட்டியை வெறித்தபடி நின்றாள். இப்போதாவது அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு பொரியை எடுத்துத் தின்றாள். மொறுமொறுவென்று உப்பு சரியாக இருந்தது. மிச்சத்தை யாஸ்மின் தின்று தீர்த்துவிட்டு, "இன்னொரு தடவை போடும்மா" என்றாள். போட்டாள்.

அதற்குப் பிறகு தினம் ஒரு ஈடு. கையும் காதும் அதில் இருக்கும்போது அவளுக்கு மற்ற நேரத்தைவிடப் பரவாயில்லை. ஆரஞ்சு உப்பு ஒன்றரை மாதத்தில் தீர்ந்தது. கல் உப்பை மிக்சியில் மாவாக அரைத்து மஞ்சள்தூள் கலந்து பார்த்தாள். நிறம் வந்தது, ருசி வரவில்லை. வெண்ணெய் உருக்கி ஊற்றினால் பொரி துவண்டது. நெய்யை எண்ணெயோடு சேர்த்தபோதுதான் கிட்டத்தட்ட வந்தது. பிறகு மிளகும் கறிவேப்பிலையும் வறுத்துப் பொடித்துச் சேர்த்தாள். வெல்லப் பாகில் ஏலக்காய் தட்டிப் போட்டு இனிப்புப் பொரியும் செய்தாள். அது ரபீக்குக்குத் தெரியாத ருசி.

இத்தா முடிந்து ஜூலையில் யாஸ்மினின் பள்ளி ஆண்டுவிழா வந்தது. யாஸ்மின் டிபன் டப்பாவில் கொண்டுபோனதைச் சாப்பிட்டிருந்த டீச்சர் ஒருவர் விழாவுக்கு நூறு பாக்கெட் செய்து தர முடியுமா என்று கேட்டு அனுப்பினார். சாபிரா செய்து கொடுத்தாள். அடுத்த வாரம் பள்ளிக்கு எதிரே இருந்த கடைக்காரர் கேட்டார். பிள்ளைகளே அதற்கு ஷார்ஜா பாப்கார்ன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் ராஜா முகம்மது காதுக்குப் போனது. ஒரு நாள் மாலை அஸர் தொழுதுவிட்டு நேராக வந்து முன்னறையில் நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. ரபீக் வெளிநாடு போன நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே சாமான் வாங்கிப் போடுகிறவர்.

"ஒனக்கு என்ன கொறை வச்சேன், சாபிரா?"

"ஒரு கொறையும் இல்ல மச்சான்."

"அப்ப இது என்னத்துக்கு? தம்பி சூப்பர்வைசர்னு ஊரு பூராம் சொல்லியிருக்கேன். அவன் பொரி பொரிச்சுக்கிட்டு நின்னான்னு இப்பத் தெரியணுமா?"

சாபிரா கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சா என்ன மச்சான்? எட்டு வருசம் அவுக என்ன வேலை பாத்தாகன்னு எனக்கே அவுக மவுத்தான பெறகுதான் தெரிஞ்சுச்சு. அதுவும் திரைக்குப் பின்னால உக்காந்து, யாரோ சொல்லி. கேட்டா சிரிப்போம்னு பயந்துட்டாக போல. நாம சிரிக்கலைன்னு காட்டவாவது நான் செய்யறேன்."

சத்தம் உயர்த்தாமல், அரிசி தீர்ந்துவிட்டது என்பதுபோலத்தான் சொன்னாள். நின்றிருந்த ராஜா முகம்மது நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாபிரா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றாள். அவர் அதற்கப்புறம் தடுக்கவில்லை. கம்பத்துக்குப் போகும்போது சோளம் வாங்கி வருவதை அவரே ஏற்றுக்கொண்டார்.

2008இல் கம்பத்தில் ஒரு தியேட்டர் கேன்டீனை எடுத்து நடத்திய கருத்தக்கண்ணன் அவளிடம் பாக்கெட் வாங்கத் தொடங்கினார். 2009 பொங்கலுக்குப் புதுப் படம். மிஷின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதை ஓட்ட வேண்டியவன் வரவில்லை. காலையில் ஆள் அனுப்பிக் கேட்டார். சாபிரா யாஸ்மினைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பத்து மணி ஷோவிலிருந்து மாலைக் காட்சி இடைவேளை வரைக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றாள். இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் வந்து மோதும். கைகள் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. பிறகு கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே கூச்சலும் விசிலும். வெளியே அவளும் மிஷினும். படத்தின் சத்தம் சுவர் வழியாக வரும். கதை என்னவென்று கடைசிவரை தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. யாஸ்மின் அதைப் பார்த்துவிட்டு, தினம் இப்படித்தான் அத்தா நிற்பார்களா என்று கேட்டாள்.

"இதவிட அதிகம்" என்றாள் சாபிரா. கொஞ்சம் கழித்து, "ஒரு நாளும் சொல்லலை" என்றாள். அவள் குரலில் முதல் தடவையாக ஒரு கோபம் இருந்தது போல யாஸ்மினுக்குப் பட்டது. சின்னமனூர்ப் பக்கம் யாருக்கோ கல்யாணம் போல, பஸ்ஸில் ஏறிய பெண்கள் மல்லிகைப்பூவும் பேச்சுமாக இருந்தார்கள். உத்தமபாளையம் வந்ததும் இருவரும் இறங்கி நடந்தார்கள்.

அடுத்த வருஷம் யாஸ்மின் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். அதே மாதம் தேனியில் ஒரு கடை மூடியபோது, பழைய மிஷின் ஒன்று சாபிராவுக்குக் கிடைத்தது. முன்னறையில் ஜன்னலோரம் அதை நிறுத்தியிருக்கிறாள். கஸ்தூரியம்மாள் எதிரில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுவாள். சாபிரா அழுது இதுவரை யாரும் பார்த்ததில்லை. வேலை முடிந்த பிறகு நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது கஸ்தூரியம்மாள் ஒட்டிய பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பாள். பிறகு சாபிரா கண்ணைத் திறந்து, மிஷின் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கழுவத் தொடங்குவாள்.