இஞ்சினில் தண்ணீர் ஊற்றவில்லை என்றேன்

எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்பு என்றாலே ஒரு பயம். நான் தூத்துக்குடியிலிருந்து உப்பளங்களைத் தாண்டி ஆத்தூர் வழியாக தினமும் வேலைக்குப் போய் வருகிறவன். மாலையில் காரின் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். என்னுடன் வேலை பார்த்த ஒருவரின் காரில் அடித்தகடு அரித்து, அவர் மனைவியின் செருப்பு ஓட்டை வழியே ரோட்டில் விழுந்துவிட்டது. அதை நாங்கள் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தோம். பிறகு அவரவர் காருக்கு அடியில் குனிந்து பார்த்தோம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் எனக்குக் கார் கழுவுவதுதான் வேலை. மறுநாள் ஆராதனைக்குப் போக வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும். வெளியே கழுவினால் போதுமா? பானெட்டைத் திறந்து, டியூபைப் பிடித்து, இஞ்சின் மேலும் நன்றாகத் தண்ணீர் அடிப்பேன். இந்தப் பழைய காரை வாங்கிய புதிதில் என் மெக்கானிக் சொல்லத்தான் செய்தார். "சார், இஞ்சின்ல மட்டும் தண்ணி அடிக்காதிய. ஈரத்துணி வச்சுத் துடைச்சாப் போதும்." நான் சிரித்தேன். ஆலையில் கருவிப் பிரிவில் இருபது வருடம் சென்சாரோடு குப்பை கொட்டுகிறவனுக்கு இவர் பாடம் எடுக்கிறாரே என்ற சிரிப்பு.

சில மாதங்களில், டாஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். ஆக்ஸிஜன் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. அதன் வயர் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார், விளக்கு அணைந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி எரிந்தது. புது சென்சார் போட்டார். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் எரிந்தது.

அன்று நான் நிதானத்தில் இல்லை. "என்னவே, இந்த ஒத்த விளக்கை அணைக்கத் துப்பில்லையா? டூப்ளிகேட் சாமானைப் போட்டு ஏமாத்துதீரா?" என்று கத்திவிட்டேன். பட்டறையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் பதிலுக்குக் கத்தவில்லை. கனெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், தப்பா நினைக்காதிய. இஞ்சின்ல தண்ணி கிண்ணி அடிக்கியளா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அவ்வளவு கத்திய பிறகு, அந்த இருவர் முன்னால், ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "சரி சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வேறு கடையிலிருந்து ஒரு சென்சாரை வரவழைத்து மாட்டினார். அதற்கு என்னிடம் எதுவும் வாங்கவில்லை. நானும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டவன் போலக் கிளம்பி வந்தேன்.

உண்மை எனக்கு விளங்கியது குளியலறையில். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் ஒரே உப்பு. குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளை படியும். ஷவரின் துளைகளை மாதாமாதம் ஊசியால் குத்தி எடுக்கிறவன் நான்தான். அன்றும் ஊசியோடு நின்றுகொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, இந்தத் தண்ணியத்தான காருக்கும் அடிக்கிய?" ஓடிப்போய் பானெட்டைத் திறந்து பார்த்தேன். வயர்களின் மேலெல்லாம் வெள்ளைத் திட்டுகள். உப்பைப் போக்குகிறேன் என்று வாராவாரம் உப்புத் தண்ணீரை நானே ஊற்றியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றோடு டியூபைச் சுருட்டி வைத்தேன். விளக்கும் எரியவில்லை. மெக்கானிக்கிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அதுதான் சரியாகிவிட்டதே, எதற்கு என்றும் நினைப்பேன். இரண்டாவது நினைப்புதான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தது.

ஆறு மாதம் கழித்து ஆயில் மாற்றப் போனேன். மெக்கானிக் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "விளக்கு எரியலைல்லா? எனக்குத் தெரியும் சார். கடைசியாப் போட்டது வேற கடைச் சாமான். நான் இத்தன வருசமா வாங்கிட்டு இருந்த அண்ணாச்சி என்னை ஏமாத்திட்டாரு. நீங்க அன்னைக்கிக் கேட்டதும் நேரா அவரு கடைக்குப் போயி, நாலு பேரு முன்னால நாக்கைப் பிடுங்குத மாதிரி கேட்டுட்டேன். இன்னைக்கு வரை பேச்சுவார்த்தை இல்ல. நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

நன்றி சொல்கிறார். எனக்கு! நான் இவர் மேல் கொட்டியதை இவர் அப்படியே கொண்டுபோய் இன்னொரு மனிதர் மேல் கொட்டியிருக்கிறார், என் ஒரு வார்த்தையை நம்பி.

"நான் தண்ணி அடிச்சேன்" என்றேன்.

"என்ன சார்?"

"இஞ்சின்ல. வாராவாரம் சனிக்கிழமை. போர் தண்ணி. அன்னைக்கு உங்ககிட்ட இல்லைன்னு பொய் சொன்னேன்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என்னை நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எதிர்முனையில் எடுக்க நேரமானது.

"அண்ணாச்சி, நாந்தான் பேசுதேன். வச்சிராதிய... ஆமா, அந்த சென்சார் விசயந்தான். உங்க சாமான்ல தப்பு இல்ல அண்ணாச்சி. கனெக்டர்ல உப்புத் தண்ணி ஏறியிருக்கு. நான்தான் சரியாப் பாக்காம உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். எம்மேலதான் தப்பு."

வாடிக்கையாளர் பொய் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டி அந்தப் போனை வாங்கியிருக்கலாம். நான் காரின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.