முதல் கட்டிலில் படுத்தவர்

எங்கள் மருத்துவமனையின் திறப்பு விழாப் புகைப்படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒரு கட்டில், அதில் வெள்ளை வேட்டி சட்டையுடன் மல்லாந்து கிடக்கும் ஒருவர், அவர் மார்பில் பெரிய ரோஜா மாலை, சுற்றிலும் கைகட்டி நிற்கும் பெரிய மனிதர்கள். ஆண்டு மலருக்குப் பழைய படம் தேடி என் வீட்டுக்கு வந்த இளம் செயலாளரும் அதையே கேட்டார்.

"ஆண்ட்டி, ஓப்பனிங் அன்னிக்கேவா டெத்? இத எப்படி மலர்ல போடுறது லா?"

அவர் நம்முடைய முதல் தலைவர், அதற்குப் பிறகு பல வருடங்கள் கமிட்டிக் கூட்டங்களில் எல்லோரையும் திட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தார் என்றேன். பையன் நம்பியதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அன்று அங்கே இருந்த ஒரே மிஸ்ஸி நான். தாதியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

புக்கிட் பெலிம்பிங் என்ற எங்கள் ஊரில் இருக்கும் அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள், சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தொழிலாளர் லயங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். தலைவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு விரட்டிப் பழகிய குரல் அவருக்கு. கட்டட வேலை நடந்த ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் குரல் கேட்கும். தச்சுவேலை தெரிந்தவர் கதவு செய்தார், லோரி வைத்திருந்தவர் மணல் கொண்டுவந்தார், கடற்கரை ஊரான ஜெராமிலிருந்து ஒரு குடும்பம் மதியக் குழம்புக்கு மீன் அனுப்பியது. சிமெண்ட்டைக்கூட தலைவர் அதட்டித்தான் காயவைத்தார் என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனித்திருந்தேன். சுவர் எழுப்பும்வரை உள்ளே புகுந்து புகுந்து வேலை வாங்கியவர், கட்டில்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. வெளியே நின்றபடியே கத்துவார்.

கட்டில்கள் எட்டு. எட்டுக் குடும்பங்கள் ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தன. கொடுத்தவர்கள் பெயர் எழுத ஆசைப்படுவது நியாயம்தானே. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பலகை, அதில் சிவப்பு எழுத்தில், 'அமரர் இன்னார் நினைவாக'. ஓர் அப்பா, ஒரு மாமனார், ஒரு பெரியம்மா என்று எட்டு அமரர்கள். செயலாளராக இருந்தவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்; ஊருக்கே வாத்தியார். அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"சார், இது வார்டு மாதிரி இல்ல. மயானம் மாதிரி இருக்கு."

"எழுத்துப் பிழை ஏதும் இல்லையேம்மா" என்றார் வாத்தியார்.

திறப்பு விழாவுக்கு மாவட்ட அதிகாரி வருவதாக உறுதியானது. பத்திரிகையிலிருந்து படம் எடுக்கவும் ஆள் வரும். காலிக் கட்டில்களைக் காட்டினால் நன்றாக இருக்காது, ஒரே ஒரு நோயாளியாவது வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக நோயாளி தேடிப் போனார். கட்டட வேலைக்கு நூறு பேர் வந்த ஊரில் படுக்க ஒருவரும் வரவில்லை. காலில் ஆறாத புண் வைத்திருந்தவர், "அமரர் பேருக்குக் கீழ படுத்தா நானும் அமரர்தான் வாத்தியாரே" என்று கதவைச் சாத்தினார். மூச்சிரைப்புக்கார அம்மா ஒருவர், "ரெண்டாவதா வேணா வர்றேன். மொத ஆளா வரமாட்டேன்" என்றார். காய்ச்சலில் கிடந்த ஓர் இளைஞன் மட்டும் சம்மதித்தான். விழா அன்று காலையில் பார்த்தால் அவன் எழுந்து நாசி லெமாக் சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். "வாக்குக் கொடுத்துட்டு இப்படிக் குணமாயிட்டானே" என்று வாத்தியார் மனம் உடைந்துபோனார்.

அதிகாரியின் கார் வர அரை மணி நேரம் இருந்தது. நாதஸ்வரம் தொடங்கியாயிற்று. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "பேஷண்ட் எங்க?" என்றார். வாசலில் நின்ற தலைவர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஒரு போட்டோவுக்குத்தானே? நானே படுக்கிறேன்" என்று செருப்பைக் கழற்றினார்.

உள்ளே வந்தவர் பக்கத்தில் இருந்த கட்டிலில் படுக்கவில்லை. ஏழு கட்டில்களைத் தாண்டி, ஜன்னலோரம் இருந்த முதலாம் எண் கட்டிலுக்குப் போனார். அது அவர் கொடுத்த கட்டில். பலகையில் இருந்தது அவருடைய மனைவியின் பெயர்.

படத்துக்கு உயிர் இருக்கட்டும் என்று நான் அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். அளவைப் பார்த்ததும் கருவிதான் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். மறுகையில் பார்த்தேன். பிறகு கிள்ளானிலிருந்து விழாவுக்கு வந்திருந்த டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் இரண்டு முறை பார்த்துவிட்டு, "தலவலி இருக்கா?" என்று கேட்டார்.

"மூணு மாசமா இருக்கு. விழாக் கமிட்டி ஆரம்பிச்சதுலேருந்து" என்றார் தலைவர்.

"எழுந்திரிக்கக் கூடாது. இப்பவே அட்மிட்."

"டாக்டர், கார் வந்துரும். மாலை போடணும், நான்தான் பேசணும்."

"எழுந்து நின்னா நீங்க பேச மாட்டீங்க. உங்களப் பத்தித்தான் மத்தவங்க பேசுவாங்க" என்றார் டாக்டர்.

கார் வந்தேவிட்டது. தலைவர் எழ முயன்றார். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். முப்பது வருடம் பிறரை அதட்டியவரை நான் அதட்டியது அன்றுதான். "படுங்க தலைவரே" என்றதும் படுத்துவிட்டார். வாத்தியார் அவசர அவசரமாக மலாயில் விஷயத்தை விளக்கினார். அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, தனக்கு விழுந்த மாலையைக் கழற்றி மரியாதையோடு தலைவர் மார்பில் வைத்தார். கேமரா பளிச்சிட்டது. தலைவர் படுத்தபடியே கூரையைப் பார்த்துப் பேசினார். "இந்த ஆஸ்பத்திரி வேலை செய்யுமான்னு பல பேரு கேட்டீங்க. இன்னும் ரிப்பனே வெட்டல, ஆளப் புடிச்சிருச்சி." கைதட்டல் ஓய நேரமாயிற்று.

அடுத்த ஆறு நாட்கள் அவர் அங்கேயே இருந்தார். பார்க்க வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து, படுக்கையிலிருந்தே அதட்டி, எல்லோரையும் பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் யாரும் வேறு கட்டிலில் உட்காரக்கூட இல்லை. நின்றே பேசிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் மாத்திரை கொடுக்கப் போனபோது, தன் தலைமாட்டுப் பலகையைக் காட்டினார். மனைவிக்கு இரண்டாவது பிரசவம். தோட்டத்து லோரியில் ஏற்றிச் செம்மண் பாதையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று மழை. சேற்றில் லோரி சிக்கியது. அவளும் குழந்தையும் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

"அதுக்கப்புறம் நான் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயும் போனதில்ல மிஸ்ஸி. இத கட்டினேன், ஆனா இந்தக் கட்டில்ல யாரும் படுக்கக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள ஆசை. அவ பேருல சும்மா இருக்கட்டும்னு."

வாயில் வந்ததைச் சொன்னேன். "அவங்களுக்குக் கிடைக்காத கட்டில காலியா வச்சி என்ன பண்றது தலைவரே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று யாரையும் அதட்டவில்லை.

வீட்டுக்குப் போன மறுநாளே ஒரு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவுடன் வந்து நின்றார். முதலில் தன் மனைவியின் பலகையில் 'அமரர்' என்ற சொல்லின்மேல் தானே வெள்ளை அடித்தார். வெறும் பெயர் மட்டும் நின்றது. மற்ற ஏழு குடும்பங்களிலும் சலசலப்பு. "அமரர்னு போடலன்னா எங்கப்பா இன்னும் உயிரோட இருக்காருன்னுல்ல நெனப்பாங்க" என்று ஒரு மகன் சண்டைக்கு வந்தார். "நெனச்சா நல்லதுதானே" என்றபடி தலைவர் அவர் கையில் தூரிகையைக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு காரில் கொண்டுவந்தார்கள். டாக்டர் வழியில் வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணோ வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறாள். புது ஆஸ்பத்திரி, யாரும் பிள்ளை பெற்றதில்லை, பயமாக இருக்கிறது என்று அழுகை. அவள் மாமியாரும் நானும் சொல்லிப் பார்த்தோம். மாத்திரை வாங்க வந்திருந்த தலைவர் பெஞ்சிலிருந்து எழுந்து அவள் அருகில் போனார். அதட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரிடமிருந்து நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரல் வந்தது.

"உள்ள போம்மா. நான் ஆறு நாள் படுத்துப் பாத்துட்டேன். ஜன்னல் பக்கத்துக் கட்டிலக் கேளு, அதான் காத்து வரும்."

அவள் அழுகையை நிறுத்தி அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு கம்பத்தை விட்டாள்.